பட்சி விட்ட டிரைவர்

அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. பேசுகிற ஆள் இடப்பக்கம் நின்றால் முகத்தை மட்டும் திருப்ப மாட்டார். தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு லாரி வளைவில் திரும்புகிற மாதிரி மெல்லத் திரும்பி, அந்த ஆளைத் தனக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்திக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். பேசி முடித்ததும் அதே மாதிரி பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்.

நான் அப்போது அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் டிரைவர். எனக்கு மூத்தவர் என்பதால் 'அண்ணே' என்பேன். அவருக்கு நான் 'தம்பி'. எண்பதுகளின் தொடக்கம். இரண்டு ஊரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளால் அரியலூர்ப் பக்கம் ரோட்டோரத்துக் கருவேலஞ்செடி எல்லாம் மாவு தூவினது போல இருக்கும். பெரம்பலூரை நெருங்க நெருங்க இலை பச்சையாகும்.

எங்கள் வண்டியில் தினமும் வந்த பெண்களுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. டிரைவருக்கு இடப்பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டியிருந்த சீட்டில்தான் அவர்கள் உட்காருவார்கள். வேறு வண்டி டிரைவர்கள் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். "இவரு தங்கமான மனுசன் தம்பி. நாம இருக்கோமா எறங்கிட்டமான்னு கூடத் தெரியாது அவருக்கு" என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் என்னிடமே சொன்னார்.

அரியலூர் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவருக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. "ஒரு தடவ இல்ல, எத்தன தடவ கும்புடு போட்டிருப்பேன். பக்கத்துலயே நிக்கிறேன். பாத்தும் பாக்காத மாதிரி போறாம்பா. என்னா தலைக்கனம்!"

இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயத்தைத்தான் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அவர் பட்சி விடுவார். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். "டிரைவரோட பட்சி." அது பறவை இல்லை. முழங்கை நீளத்துக்கு இரண்டு இறக்கை, மெல்லிய மூங்கில் உடம்பு, வால். தலையில் ஒரு சின்ன வாணக்குழல். திருச்சியில் கல்லூரிப் பையன்களுக்குச் சிறு விமானம் செய்யக் கற்றுத்தந்த ஓர் இடத்தில் அவர் கொஞ்சகாலம் ஜீப் ஓட்டியிருந்தார். அங்கே பிடித்த கிறுக்கு. விமானம் செய்ய வெளிநாட்டு மரம் வேண்டும் என்பார்கள். அவர் நெட்டியில் செய்தார். ஏரியில் வளரும் நெட்டி, மாட்டுப்பொங்கலுக்கு மாலை கட்டுவோமே, அதே நெட்டி. அதைச் சீவி, ஒட்டி, மேலே பட்டத்துக் காகிதம் போர்த்துவார். இறக்கையைக் கையில் வாங்கினால் ஒன்றும் வாங்கவில்லை போல இருக்கும். வாணக்குழலைச் சிறுவாச்சூர்ப் பக்கம் கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டும் ஒருவரிடம் சொல்லிவைத்து, வெடிக்காமல் சீறி மட்டும் அடங்குகிற மாதிரி கெட்டித்து வாங்குவார்.

நான் அந்த வண்டியில் சேர்ந்த புதிதில், டிரைவர் சீட்டுக்கு மேலே ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்று கட்டித் தொங்குவதைப் பார்த்தேன். பெரம்பலூரில் மத்தியானம் வண்டி நிற்கும் நேரத்தில் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, "வரியா தம்பி?" என்றார். கோடைகாலம். பக்கத்து ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிசல் மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி நிறுத்தினார். பட்சியை அதில் மூக்கு மேலே பார்க்கச் செருகினார். இறக்கையை ஒருமுறை ஊதினார். வாலைத் தொட்டார். மறுபடி இறக்கையைத் தொட்டார்.

"இதுக்கு ஸ்டீரிங் கெடையாது தம்பி. பிரேக்கும் கெடையாது. விட்டா விட்டதுதான். என்னா செய்யணுமோ அத விடறதுக்கு முன்னாடியே செஞ்சிரணும்" என்றார்.

திரியைப் பற்றவைத்து இரண்டு பேரும் ஓடிவந்து நின்றோம். சீய்ய்ய் என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது பனைமரத்துக்கு மேலே, அதற்கும் மேலே போய்விட்டது. புகை நேர்கோடாக நின்றது. கோட்டின் நுனியில் எரிந்து முடிந்த குழல் தனியாகக் கழன்று விழுந்தது. பாரம் போனதும் பட்சி ஒரு நொடி தயங்கி, தலையைத் தாழ்த்தி, இறக்கையை விரித்துச் சத்தமே இல்லாமல் வட்டமடிக்க ஆரம்பித்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றார் அவர்.

அது எங்கள் இடது தோளுக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, "தோ, இருக்குல்லண்ணே" என்று கைநீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கையிலிருந்து விரலுக்கும், விரல் நுனியிலிருந்து வானத்துக்கும் பார்வையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார், கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுகிறவர் மாதிரி. "ஆங், சிக்கிருச்சு!" என்று முகம் மலர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "எங்க தம்பி?"

வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆனால் வண்டி எடுக்க மாட்டார். கடைசி டிரிப்பை இன்னொரு டிரைவர் ஓட்டுவார். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "எங்கம்மாவுக்கு மாலைக்கண்ணு. எனக்கும் லேசா உண்டு. அதனால வெளிச்சத்துல ஓட்டறதோட சரி" என்பார். முதலாளிக்கும் தெரியும். பகலில் அவரைவிட நிதானமாக ஓட்ட ஆள் கிடையாது. அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய பொட்டலில் இந்தப் பட்சிகளுக்குப் போட்டி நடக்கும். கல்லூரி மாணவர்கள், ஆலை இன்ஜினியர்கள், விமானக் கிறுக்குப் பிடித்த இரண்டொரு டாக்டர்கள் வருவார்கள். யாருடையது வானத்தில் அதிக நேரம் நிற்கிறதோ அவருக்குப் பரிசு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்னையும் கூட்டிப்போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் அட்டைப்பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

முதல் தடவை விட்டதும் அருமையாக ஏறியது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அது காற்றோடு வலப்பக்கம் சாய, அவர் அண்ணாந்தபடியே அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தார். பொட்டலின் ஓரத்தில் கூட்டம் உள்ளே வராமலிருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். "அண்ணே, கயிறு!" என்று நான் கத்துவதற்குள் அதில் தடுக்கி விழுந்துவிட்டார். விழுந்ததோடு போகவில்லை. கயிறு இழுத்து, நேரம் குறிப்பவர்கள் உட்கார்ந்திருந்த மேஜையும் குடையும் சாய்ந்தன. தண்ணீர்க் கூஜா கவிழ்ந்தது.

"காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாரா?" என்று ஒருவர் சிரித்தார். நடுவர் ஒருவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "எங்க, ஊதுங்க" என்றார்.

டீ, வெற்றிலை தவிர வேறு எந்தப் பழக்கமும் இல்லாத மனுஷர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், அந்த நடுவரின் முகத்துக்கு நேரே, முழுசாகத் திரும்பி நின்று ஊதினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. சாராய வாசம் இல்லை என்றதும் நடுவர் போய்விட்டார். பட்சி எந்தப் பக்கம் இறங்கியது என்று நாங்கள் இருவருமே பார்த்திருக்கவில்லை. வெகுநேரம் தேடி, கிடைக்காமல் திரும்பினோம்.

பஸ்ஸில் திரும்பும்போதும் காலி அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். சமயபுரம் தாண்டியதும் கேட்டார்:

"கயிறு கட்டியிருந்தாங்களா தம்பி? மெல்லிசுக் கயிறா?"

"மொத்தக் கயிறுண்ணே. செவப்புத் துணி வேற கட்டியிருந்துச்சு, ஆளு பாக்கணும்னு."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். மோர் டம்ளரை ஓரத்திலிருந்து நீட்டினால் வாங்க மாட்டார். நேரே கொண்டுபோனால் வாங்குவார். ஸ்டாண்டில் நடக்கும்போது குழந்தைகள்மீது இடித்துக்கொள்வார். ஒருநாள் ரோட்டின் இடப்பக்கமிருந்து ஆட்டுமந்தை ஏறியது. நல்ல பகல். மந்தை முழுக்க எனக்குத் தெரிந்தது. வண்டி வேகம் குறையவே இல்லை. நான் விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடினேன். ஒரு குட்டி சக்கரத்தில் போயிற்று. "எங்கேருந்து வந்துச்சு? எங்கேருந்து தம்பி வந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் நான் முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "எடது பக்கம் சைக்கிள்ணே." "ஒரு அம்மா கூடையோட நிக்கிதுண்ணே." "மாட்டு வண்டி ஏறுதுண்ணே." சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். அவரும் சும்மா கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். ஏன் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லியிருக்கவும் வராது. கொஞ்சநாளில் நான் அந்த இடத்தை விட்டு நகரவே முடியாமல் போயிற்று. பின்னால் ஏறியவர்கள் டிக்கெட் கேட்டுக் கத்துவார்கள். "யோவ் கண்டக்டரு, டிரைவரக் கட்டிக்கிட்டியா? இங்க வாய்யா!" வண்டி முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். நான் மட்டும் திரும்ப மாட்டேன். கண்ணை ரோட்டிலிருந்து எடுத்தால் ஏதோ நடந்துவிடும் என்ற பயம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கூடச் சோற்றுத்தட்டுக்கு இடப்பக்கம் சைக்கிள் வருகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். "அண்ணே, கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துருவமா?"

அவர் கோபிக்கவில்லை. முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "கண்ணுக்கு என்னா தம்பி? இந்தா பாரு." சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். நூலை எச்சில் தொட்டு முறுக்கினார். ஒரே நீட்டலில் கோத்தார். பிறகு ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்த சினிமாப் போஸ்டரில், அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக விலாசத்தைப் படித்துக் காட்டினார். எனக்கு அந்த எழுத்து தெரியக்கூட இல்லை. "இப்ப சொல்லு. ஒனக்குக் காட்டணுமா, எனக்குக் காட்டணுமா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நெட்டியில் மயிரிழை கனத்துக்கு இறக்கை சீவுகிற கண் அது. நேரே இருப்பது எதுவும் அதற்குத் தப்பாது.

பெரம்பலூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. மழைக்காலம் ஆரம்பித்திருந்த ஒரு காலை. நான் டிக்கெட் கேட்டு நச்சரித்த ஒருவருக்குச் சில்லறை கொடுக்கத் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது நீலப்பாவாடை போட்ட ஒரு பெண்குழந்தை இடப்பக்கமிருந்து ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தம் என்ன வார்த்தை என்று எனக்கே தெரியாது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டியிலிருந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. பயத்தில் பையைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவியிருந்தது. பை சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. யாரோ எடுத்து, தட்டி, குழந்தையிடம் கொடுத்தார்கள். அவர் இறங்கி, அதன் எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அது அழுதுகொண்டே ஓடிவிட்டது. மறுபடி ஏறி, மாட்டுவண்டி வேகத்தில் ஸ்டாண்டுவரை ஓட்டி, இன்ஜினை நிறுத்தினார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, எனக்கு அந்தப் புள்ள தெரியல."

"திடீர்னு எறங்கிருச்சுண்ணே, யாருக்கும் தெரிஞ்சிருக்காது..."

"பொய் சொல்லாத. ஒனக்குத் தெரிஞ்சுச்சுல்ல? நீ கத்தினப்புறமும் எனக்குத் தெரியல. எதுக்குக் கத்துறேன்னு தெரியாமத்தான் பிரேக் போட்டேன்." சாவி இருந்த என் கையை மூடிவிட்டார். "ஏரியில பட்சி தொலைஞ்சப்பல்லாம் காத்து தூக்கிருச்சுன்னு நெனச்சேன் தம்பி."

திருச்சியில் கண் டாக்டரிடம் போனோம். அண்ணன், அவர் மனைவி, நான். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி அவருடைய சொந்த அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டபடியே 'மாமா' என்றுதான் அவரைக் கூப்பிடும். டாக்டர் அவரை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் பேனாவைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து, மெல்ல முன்னால் கொண்டுவந்தார். "பேனா தெரிஞ்சதும் சொல்லுங்க."

பேனா காதைத் தாண்டியது. அவர் பேசவில்லை. கன்னத்துக்கு நேரே வந்தது. பேசவில்லை. எனக்கும் அண்ணிக்கும் அது கம்பம் மாதிரி தெரிந்தது. அண்ணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டது. பேனா கிட்டத்தட்ட மூக்குக்கு எதிரே வந்த பிறகுதான், "தோ, வந்திருச்சுங்க" என்றார் சந்தோஷமாக. மற்றக் கண்ணுக்கும் அப்படியே.

"ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரிதான் நீங்க பாக்கறீங்க" என்றார் டாக்டர். "குழாய் கொஞ்சம் கொஞ்சமாச் சின்னதாயிட்டே வரும். மருந்து கிடையாது. வண்டி ஓட்டறத இன்னியோட நிறுத்திருங்க." பிறகு கேட்டார். "உங்க அம்மா, அப்பா சொந்தமா?"

"தாய்மாமனத்தாங்க அம்மா கட்டுச்சு" என்றார் அண்ணன்.

"நீங்க?"

"நானும் இவங்க அக்கா மகதாங்க" என்றது அண்ணி.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "கொழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. பள்ளிக்கூடம் போவுது."

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

அதுவரை அவர் கலங்கவில்லை. தன் கண்ணைப் பற்றிச் சொன்னதை ஏதோ வண்டி ரிப்பேரைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி நம்பவில்லை. "டாக்டருங்க சொல்றதெல்லாம் கேட்டா வண்டி ஓடுமாய்யா? பொங்கல் வரைக்கும் ஓட்டு, ஆளு பாக்கறேன். இந்தப் பய முன்னாடி நின்னு சொல்லிட்டு வரட்டும்" என்று என்னைக் காட்டினார். நான் முன்படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டு வந்தது முதலாளிக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"இல்லீங்க" என்றார் அண்ணன். முதலாளி எவ்வளவோ பேசியும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. கடைசியில் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டார்.

குழந்தையையும் டாக்டரிடம் காட்டினார்கள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வராமலே போகலாம், வந்தால் கொஞ்சம் பெரியவளானதும் மெதுவாகத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருக்கிறது என்றிருந்தால் அழுதிருக்கலாம். இல்லை என்றிருந்தால் சிரித்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் வீட்டுக்கு வந்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போவதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. குழந்தை தின்பண்டம் தின்றுகொண்டிருக்கும். அவர் புளியங்கொட்டையை அதன் ஓரமாக உருட்டிவிட்டு, "எங்க போச்சு, எடு பாப்போம்" என்பார். அது எடுத்துவிடும். அந்தி சாயும் நேரத்தில், விளக்கு ஏற்றுவதற்கு முன், "உள்ள போயி ஊசி டப்பா எடுத்துட்டு வா கண்ணு" என்பார். அது வாசற்படியில் தடுக்கினால் அவர் முகம் செத்துவிடும். எல்லாக் குழந்தையும் வாசற்படியில் தடுக்கத்தான் செய்யும்.

"மாமா, புள்ளய வுடு. அது பயந்துக்கப் போவுது" என்று அண்ணி ஒருநாள் கத்தியே விட்டது. "என்னா பாத்து என்னா ஆவப்போவுது? பாத்தா நிறுத்திர முடியுமா ஒன்னால?"

அவர் புளியங்கொட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினார். அன்றைக்கே நெட்டியை எடுத்துச் சீவ உட்கார்ந்தார்.

அடுத்த போட்டிக்கு அவர் செய்த பட்சிதான் அவர் செய்ததிலேயே அழகானது. பார்வைக் குழாய் இன்னும் சிறுத்திருந்தது. ஆனால் குழாய்க்குள் விழுந்தது எல்லாம் முன்பு போலவே துல்லியமாக இருந்தது. இறக்கையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துச் செய்தார். காகிதம் ஒட்ட அண்ணி உதவியது. போட்டிக்கு நானும் போனேன். அந்தத் தடவை குழந்தையையும் அழைத்து வந்தார். அது ஜடையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த ஊர்ப்பலகை எல்லாம் படித்துக்கொண்டே வந்தது.

அவர் முறை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மண் சூடானால் காற்று மேலே கிளம்பும். பருந்து இறக்கையை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுவது அந்தக் காற்றில்தான். அவர் கம்பியில் பட்சியைச் செருகினார். குழந்தையை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பாத்துக்கிட்டே இரு கண்ணு. கண்ண எடுக்காத" என்றார். திரியைப் பற்றவைத்தார்.

சீறிக்கொண்டு ஏறியது. குழல் கழன்றது. கைதட்டல் கேட்டது. நான் வழக்கம் போல அவருக்குக் கைகாட்டத் திரும்பினேன். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை.

குழந்தைக்கு எதிரே, மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். வானம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையின் கண்களை. அந்தக் கண்கள் அவர் தலைக்கு மேலே இடதுபக்கம் நகர்ந்தன. பிறகு மேலே. பிறகு வலதுபக்கம். அவர் மூச்சு விடாமல் அவற்றோடு போய்க்கொண்டிருந்தார்.

பட்சி காற்றில் சிக்கிவிட்டது. இறங்கவேண்டியது ஏறியது. அரிசி அளவானது. பொட்டு அளவானது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், இல்லை. நேரம் குறிப்பவர் பைனாகுலரைத் தாழ்த்தினார். "போச்சுங்க. கண்ணுக்குத் தெரியல" என்று கடிகாரத்தை நிறுத்தினார்.

"இருக்குப்பா" என்றது குழந்தை.

நேரம் குறிப்பவர் திரும்பிப் பார்த்தார்.

"தோ, அந்த மேகத்துக்குக் கீழ." அதன் விரல் மெல்ல நகர்ந்தது. "இப்ப எறங்குது. பனைமரத்துக்கு மேல வந்திருச்சு. செங்கச் சூளைக்குப் பின்னாடி போயிருச்சு. இப்பதான் தெரியல."

அப்பனைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அவருக்கும் இருந்திருக்கவேண்டும். ஏனென்றால் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். சூளை வெகுதூரம். முள், வாய்க்கால் எல்லாம் தாண்டிப் போனோம். குழந்தை முன்னால் ஓடியது. சூளைக்குப் பின்னால், அடுக்கியிருந்த பச்சைச் செங்கல்மேல், ஒரு இறக்கை முறிந்து பட்சி கிடந்தது.

அவர் செங்கல்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தையை எதிரே இழுத்து, முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தூசி விழுந்திருக்கான்னு பாத்தேன்."

அந்தத் தடவை அவருக்குத்தான் முதல் பரிசு. நாங்கள் திரும்பி வருவதற்குள் பேரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அதைப் போய்க் கேட்கவும் இல்லை. திரும்பும்போது குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது. அவர் சிரித்த முகமாகவே வந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

முறிந்த இறக்கையை ஒரே வாரத்தில் ஒட்டிவிட்டார். ஆனால் அதை விடவில்லை. புதிதாகவும் செய்யவில்லை. அடுத்த கோடையில் ஏரி வற்றியது. போட்டி நாளும் நெருங்கியது. நான் போனபோது குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தது. டாக்டர் சொன்ன வயதை நோக்கிக் கொஞ்சம் உயரமாகியிருந்தது.

"சித்தப்பா, அப்பாவப் பட்சி விடச் சொல்லுங்க. நான் இன்னும் ரொம்பத் தூரம் வரைக்கும் பாப்பேன்."

அவர் மெல்ல, முழுசாக எங்கள் பக்கம் திரும்பினார். குழந்தை எங்கே நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்.

"இந்த வருசம் காத்து சரியில்ல கண்ணு" என்றார்.

அந்த வருஷம் காற்று நன்றாகத்தான் இருந்தது. அண்ணி என்னைப் பார்த்தது. நான் குழந்தையின் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போனேன்.